கடைக் கணக்குக்கு ஒரு மறுபிரதி

எங்கள் தகப்பனார் மதுரை கீழமாசி வீதியில் கடை நடத்திய காலத்தில், இரவு கடை அடைத்ததும் பேரேட்டை மஞ்சள் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்வார். நாள்வழி கடையில் இருக்கும்; பேரேடு வீட்டில் இருக்கும். ஒன்று போனாலும் மற்றதை வைத்து எழுதிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்தப் பழக்கத்தை நாங்கள் விட்டுவிட்டோம். அதன் பலனை 2018-ல் அனுபவித்தோம்.

அவ்வாண்டு புரட்டாசியில் ஒரு நாள் பிற்பகல் மின்சாரம் மூன்று முறை வந்து வந்து போயிற்று. அதன்பின் கம்ப்யூட்டர் எழவில்லை. உள்ளேயிருக்கும் ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்றார் பழுது பார்க்க வந்தவர். நாங்கள் பதறவில்லை. கணக்குப்பிள்ளை தினமும் ‘டி’ டிரைவில் பேக்கப் எடுத்து வந்தாரே! ஆனால் ‘சி’யும் ‘டி’யும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள் என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு கிட்டங்கியை நடுவில் தட்டி வைத்து இரண்டாக்கியது போலத்தான். தீப்பிடித்தால் இரண்டு பக்கச் சரக்கும் போகும்.

பில் நகல்கள் இருந்ததால் ஆறு மாத விற்பனையைத் திரும்ப ஏற்றிவிட்டோம். வரவுதான் சிக்கலாயிற்று. வசூலுக்குப் போகும் பையன் துண்டுச் சீட்டில் குறித்து வருவான். கம்ப்யூட்டரில் ஏற்றியதும் சீட்டைக் கிழித்துப் போடுவோம். யார் எவ்வளவு கொடுத்தார் என்பதற்கு எங்களிடம் அத்தாட்சி இல்லை. கடை கடையாகப் போய், “உங்க நோட்டில என்ன இருக்கு அண்ணாச்சி?” என்று கேட்டு எழுதினோம். பெரும்பாலோர் நோட்டைத் திறந்தே காட்டினர். ஒருவர் நாங்கள் மறந்திருந்த பாக்கியையும் சேர்த்துச் சொன்னார். இருவர் மட்டும் பாக்கியே இல்லை என்றனர். அது மெய்யாகவும் இருக்கலாம். மறுத்துச் சொல்ல எங்கள் கையில் காகிதம் இல்லை. அவ்விருவரோடு இருந்த முப்பதாண்டுக் கொடுக்கல் வாங்கல் அத்தோடு நின்றது.

சட்டமும் இதைக் கேட்கிறது. ஜி.எஸ்.டி. ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்போர் முறையாக பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி.

ஆகவே வெளியில் இணைக்கும் ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். சட்டைப்பை அளவுள்ளது போதும். அதற்குத் தனி மின்சார வயர் தேவையில்லை. 1 டி.பி. கொள்ளளவே நம் கடைக்கு அதிகம். அந்தப் பணத்தில் பெரியதாக ஒன்று வாங்குவதைவிடச் சிறியதாக இரண்டு வாங்குவது நல்லது. காரணம் பின்னால் வருகிறது.

கம்ப்யூட்டரின் பின்பக்க யு.எஸ்.பி. துளையில் செருகுங்கள். பழைய கம்ப்யூட்டர்களில் முன்பக்கத் துளையில் சில சமயம் மின்சாரம் போதாமல் டிஸ்க் விட்டுவிட்டு இயங்கும். புது டிஸ்க் பெரும்பாலும் தயார் நிலையிலேயே வரும். ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்டால், அது புதியதுதானா என்று ஒருமுறை பார்த்த பிறகே சரி சொல்லுங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளிருப்பது போய்விடும். பென் டிரைவ் ஏதேனும் செருகியிருந்தால் டிஸ்க்கின் எழுத்து ‘ஈ’ என்பதிலிருந்து ‘எஃப்’ ஆக மாறி, பேக்கப் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. விண்டோஸில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ சென்று ‘எக்ஸ்’ போன்ற ஒரு தனி எழுத்தைக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அதில் திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு ஃபோல்டர்களும் மாதத்துக்கு ஒரு ஃபோல்டரும் போடுங்கள். ஒரே ஃபோல்டரில் தினமும் மேலுக்கு மேல் எழுதினால், கணக்கு கெட்டுப்போன அன்று கெட்ட கணக்கே நல்லதை அழித்துவிடும். ஏழு நாள் இருந்தால் முந்தாநாளுக்காவது போகலாம். டேலி பிரைமில் ஆல்ட்-ஒய் அழுத்தி ‘பேக்கப்’ தேர்ந்து, அன்றைய ஃபோல்டரைக் காட்டினால் போதும். வேறு பில்லிங் மென்பொருள் வைத்திருப்போர், கணக்கு எந்த ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறது என்று அதைப் போட்டுக் கொடுத்தவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பதிவு நடந்துகொண்டிருக்கும்போது பேக்கப் எடுக்கக் கூடாது.

முடிந்ததும் ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்துக் கழற்றிவிட வேண்டும். மாட்டியே வைத்திருப்பதுதான் பலரும் செய்யும் தவறு. 2017 மே மாதம் ‘வான்னாகிரை’ என்ற வைரஸ் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அவ்வகை வைரஸ், மாட்டியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். கழற்றியதை மிளகாய் வற்றல் மூட்டை மேல் வைக்காதீர்கள் (எங்கள் கடையில் வைத்திருந்தார்கள்!). உள்ளே தகடு சுழலும் பொருள் அது. தூசியும் ஆகாது, கீழே விழவும் கூடாது.

இரண்டு டிஸ்க் எதற்கு என்றால், ஒன்று கடையில், மற்றது வீட்டில். சனிக்கிழமை இரவு மாற்றிக்கொள்ள வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கடைக்குள் தண்ணீர் புகுந்தபோது கம்ப்யூட்டரும் பக்கத்து மேசை இழுப்பறையும் சேர்ந்தேதான் நனைந்தன. வீட்டுக்குப் போகும் டிஸ்க்குக்குக் கடவுச்சொல் போட்டு வையுங்கள். நம் வாடிக்கையாளர்களின் பாக்கி விவரம் அடுத்தவர் கையில் கிடைக்கக் கூடாது.

எடுத்த பேக்கப் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நடப்புக் கணக்கின் மேலேயே ‘ரீஸ்டோர்’ செய்துவிடாதீர்கள். இன்றைய பதிவுகள் அழியும். வேறு கம்ப்யூட்டரில், வேறு ஃபோல்டரில் செய்யுங்கள். எங்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு பிற்பகல் அதற்கென்றே. வீட்டிலுள்ள பழைய கம்ப்யூட்டரில் பேக்கப்பைத் திறந்து, நாங்களும் கணக்குப்பிள்ளையும் பத்துக் கடைக்காரர்களின் பாக்கியை வசூல் சீட்டோடு ஒத்துப் பார்க்கிறோம். சீட்டுகளை இப்போது கிழிப்பதில்லை.