எந்த லென்ஸை எடுத்துச் செல்வது?

"மிஸ், பிள்ளையளை நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போகப் போறன். உங்கட கமெராவோட நீங்களும் வாறீங்களா?"

2018 ஆகஸ்ட் பாடசாலை விடுமுறைக்குச் சில நாட்களுக்கு முன்னர் கிளிநொச்சியில் ஓர் அக்கா என்னிடம் இப்படிக் கேட்டார். காணாமற்போன கணவரைத் தேடிக்கொண்டிருக்கும் பெண்களின் மாதாந்தக் கூட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. இருவரும் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம்.

அந்த அக்காவின் தகப்பனார் 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றை விட்டு வன்னிக்கு வந்தவர். அக்கா பிறந்தது கிளிநொச்சியில். அவருடைய பெரியம்மா மாத்திரம் இன்னமும் அதே லயத்தில் இருந்தார். பெரியம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் அவரை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும், கிரகரி வாவியில் படகு ஓட வேண்டும், குதிரையில் ஏற வேண்டும், இதுதான் திட்டம். நானும் ஹட்டனில் பிறந்து, பேராதனையில் சமூகவியல் படித்து, வேலைக்காக வன்னிக்குப் போனவள். எனவே சம்மதித்துவிட்டேன்.

என்னிடம் இருந்தது பழைய டிஜிட்டல் கமெரா ஒன்றும் மூன்று லென்ஸ்களும். மூன்றையும் சுமந்துகொண்டு பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறி இறங்க முடியாது. எதை எடுப்பது, எதை விடுவது என்று யோசித்தபோது, "ஒரு கமெராவுக்கு ஏன் மூண்டு கண்?" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான்.

லென்ஸின் மேல் எழுதியிருக்கும் மில்லிமீற்றர் இலக்கம் சிறியதானால் கமெரா அகலமாகப் பார்க்கும். இலக்கம் பெரியதானால் தூரத்தில் இருப்பதைக் கிட்டக் கொண்டுவரும். என்னிடம் இருந்த முதலாவது 18 முதல் 55 வரையானது. கமெராவுடன் சேர்த்தே விற்கும் சாதாரண லென்ஸ். இரண்டாவது 55 முதல் 250 வரையான நீளக் குழாய். மூன்றாவது 50 மாத்திரம். அதில் திருகிப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ முடியாது. நாம்தான் நடந்து முன்னுக்கும் பின்னுக்கும் போக வேண்டும். ஆனால் அது 1.8 வரை திறக்கும். அதாவது இருட்டான இடத்திலும் மின்னொளி இல்லாமல் முகத்தை எடுத்துவிடும். விலையிலும் குறைந்த லென்ஸ் அது.

சுற்றுலா என்றவுடன் எல்லோரும் முதலில் தூக்குவது நீளக் குழாயைத்தான். நானும் அதையே பையில் வைத்தேன். அப்போது அக்கா தன் கைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார்.

2006இல் ஒரு கோயில் திருவிழாவில் எடுத்தது. கோபுரம் முழுவதும் விழ வேண்டும் என்று படம் பிடித்தவர் வெகு தூரம் பின்னால் போயிருக்கிறார். கோபுரத்தின் கீழே எட்டுப் பேர். வலது பக்கத்திலிருந்து மூன்றாவது ஆள் அவருடைய கணவர். முகம் பச்சைப்பயறு அளவு. இடப்பெயர்வுகளில் மற்ற எல்லாப் படங்களும் போய்விட, மிஞ்சியது இது ஒன்றுதான். ஆணைக்குழுக்களுக்குக் கொடுப்பதற்காக ஸ்ரூடியோவில் அந்த முகத்தை மாத்திரம் வெட்டிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் ஆரம்பித்த நாள்முதல் அக்கா பிடித்திருந்ததும் அந்தப் பெரிதாக்கிய படத்தைத்தான். மீசை தெரிகிறது. கண் தெரியவில்லை.

"கோபுரம் இப்பவும் அங்கதான் நிக்குது மிஸ்" என்றார் அக்கா.

இதைப் படிக்கும் சகோதரிகள் பலரிடமும் இப்படி ஒரு படம் இருக்கக்கூடும். நம் குடும்பப் படங்களில் பெரும்பாலானவை ஓர் இடத்திற்குச் சாட்சி சொல்வதற்காக எடுத்தவை. கோயில், கடற்கரை, பூங்கா எல்லாம் தெளிவாக இருக்கும். ஆட்கள் கீழே வரிசையாக நிற்பார்கள். நான் நீளக் குழாயை வெளியே எடுத்து வைத்துவிட்டு 50ஐப் பையில் போட்டேன். லயத்து அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அங்கே 50ஐ வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றாலும் இரண்டு முகம்தான் அடங்கும் என்பது அங்கே வளர்ந்த எனக்குத் தெரியும். ஆகவே 18-55உம் கூட வந்தது.

நீளக் குழாயை விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எனக்குப் பதினைந்து வயது இருக்கும்போது ஹட்டனில் ஒரு கடைச் சுவரில் தொங்கிய கலண்டரில் என் அம்மாவைக் கண்டேன். கொழுந்துக் கூடையின் கயிறு தலையில், இடுப்பில் படங்கு, கை செடியில், பார்வை எங்கேயோ. நல்ல படம்தான். அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று அம்மாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. றோட்டில் வாகனத்தை நிறுத்தி, அங்கிருந்தே எடுத்திருக்கிறார்கள். அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்னயக் கேட்டிருந்தா தலைத்துண்ட ஒழுங்காக் கட்டியிருப்பேனே" என்றார்.

இதை ரயிலில் அக்காவிடம் சொன்னேன். 2009இல் மெனிக் பாம் முகாமில் தானும் கம்பி வேலிக்கு உள்ளே தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது, வெளியே நின்றவர்கள் நீளக் கமெராவால் எடுத்ததாக அவர் சொன்னார். அந்தப் படம் இப்போது எந்த நாட்டில், எந்தப் புத்தகத்தில் இருக்கிறதோ! நீளக் குழாய் கெட்ட சாமான் அல்ல. பறவைக்கும் நீர்வீழ்ச்சிக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் அது வேண்டும். ஆனால் மனிதரிடம் ஒரு சொல் கேட்காமலே படம் எடுக்கும் வசதியை அது தந்துவிடுகிறது. 50ஐ வைத்திருப்பவள் கிட்டப் போயே ஆக வேண்டும். கிட்டப் போனால் "எடுக்கவா அக்கா?" என்று கேட்டே ஆக வேண்டும்.

மலைநாட்டு ரயிலில் 50 தன் வேலையைச் செய்தது. ஹட்டன் நிலையத்தைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம் வருகிறது. உள்ளே பெட்டியின் மங்கலான விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைகள் கூச்சல் போட்ட படம் நன்றாகவே விழுந்தது. ஆகஸ்டில் அந்தப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. மூட்டமும் தூறலுமாக இருக்கும். வெள்ளை மூட்டத்தைக் கண்டு கமெரா ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும். ஒளியை ஒரு படி கூட்டி வைத்தால் முகம் தெளியும். இன்னொன்று, குளிரில் இருந்த கமெராவை அடுப்பெரியும் வீட்டுக்குள் கொண்டுபோனதும் லென்ஸ் வியர்க்கும். சேலைத் தலைப்பால் துடைக்கக் கூடாது. பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் விட்டுவிட வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிப் பைகள் புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும், அவற்றை எறியாமல் கமெராப் பைக்குள் போடுங்கள். மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து ஏற்கனவே ஒரு லென்ஸைப் பறிகொடுத்தவள் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் பிள்ளைகளைப் பெரியம்மாவிடம் விட்டுவிட்டு அக்காவும் நானும் பொகவந்தலாவைக்குப் பஸ் ஏறினோம். அங்குள்ள சென். மேரிஸ் தேவாலயத்து மயானத்தில் ஜூலியா மார்கரெட் கமரூன் என்ற ஆங்கிலப் பெண்மணி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டாவது வயதில் மகளும் மருமகனும் பரிசளித்த கமெராவினால் படம்பிடிக்கப் பழகி, உலகத்தின் பெரிய புகைப்படக் கலைஞர்களில் ஒருவரானார். 1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்தார். குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் டிக்கோயாப் பக்கத்தில் காலமானார்.

அவரும் லென்ஸைத் தேர்ந்துதான் எடுத்தார். 1866இல் வாங்கிய டால்மேயர் லென்ஸின் குவியத்தூரம் 30 அங்குலம். பயன்படுத்திய கண்ணாடித் தகடோ 15க்கு 12 அங்குலம். அவ்வளவு பெரிய தகட்டை ஒரு முகத்தால் நிரப்புவதற்கு மிகவும் கிட்டப் போனார். இருந்தவர் சில நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. இலங்கையிலும் அவர் உள்ளூர் மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் எடுத்தார். அப்படங்களில் மிஞ்சியவை கொஞ்சம்தான். இங்கே நான் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். துரை வீட்டு அம்மா "இரு" என்றால் இருந்தே ஆக வேண்டிய காலம் அது. கிட்டப் போய் எடுத்த அந்தத் தொழிலாளரில் பெரும்பாலானவர்களின் பெயர்கள் படத்துடன் இல்லை. டார்வின், டெனிசன் போன்ற அவர் எடுத்த பெரியவர்களின் பெயர்கள் மாத்திரம் நமக்கு நன்றாகத் தெரிகின்றன. கல்லறையருகே நின்று இதைச் சொன்னபோது அக்கா, "அப்ப நாங்கள் பின்னுக்குப் பேரை எழுதி வைப்பம்" என்றார்.

கிரகரி வாவியை 1873இல் தேசாதிபதி வில்லியம் கிரகரி அமைத்தார். பிள்ளைகளுக்கோ அது அன்னப் படகும் மட்டக்குதிரையும் பஞ்சுமிட்டாயும் உள்ள விளையாட்டுப் பூங்கா. மகன் அன்னப் படகில் ஏறி வாவியின் நடுவுக்குப் போய் இரண்டு கைகளையும் ஆட்டினான். என் கையில் இருந்த லென்ஸில் அவன் ஒரு புள்ளி. 250 இருந்திருந்தால் சிரிப்பைப் பிடித்திருப்பேன். அன்று உண்மையிலேயே மனம் வருந்தினேன். அக்கா வருந்தவில்லை. "படகு திரும்பி வரும்தானே மிஸ், வந்த பிறகு எடுங்கோ" என்றார். வந்தது. நனைந்த தலையோடு இறங்கி ஓடிவந்தவனை நாலடி தூரத்தில் நிறுத்தி எடுத்தேன்.

கமெரா இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். போனில் உள்ள சாதாரண லென்ஸ் அகலமானது. அதை மூக்கருகே கொண்டுபோனால் மூக்குத்தான் பெருக்கும். இரண்டடி பின்னால் வந்து, இரண்டு மடங்கு என்ற அளவில் வைத்து, சன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி எடுங்கள். அதற்கு மேல் விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் பல போன்களில் படம் சிதறும், கோயில் படத்தின் கதைதான். பூங்காவையும் எடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஒவ்வோர் ஆளையும் தனியாக, மார்பளவில், கண் தெரிய ஒரு படம் எடுத்துவிட்டுப் பூங்காவுக்கு வாருங்கள். எடுத்ததைப் போனில் மாத்திரம் வைத்திருக்க வேண்டாம். போன் உடையும், தொலையும். கடதாசியில் போட்டுப் பல வீடுகளில் வையுங்கள்.

கடைசி நாள் காலை இஸ்தோப்பில் எல்லோரையும் இருத்தினேன். 50ஐ முழுவதும் திறந்து வைத்தால் முன்வரிசை மாத்திரம் தெளிவாகும் என்பதால் 18-55ஐப் போட்டு, துவாரத்தை 5.6க்குச் சிறிதாக்கினேன். பிறகு தனித்தனி முகங்கள். பெரியம்மா முதலில் சம்மதிக்கவில்லை. "இந்தக் கெழவிய எதுக்கு?" என்றார். பின்பு உள்ளே போய் முகம் கழுவி, பொட்டு வைத்து, காதில் கம்மலும் போட்டுக்கொண்டு வந்தார். அது அவருடைய தங்கையின் கம்மல் என்றார். 1977இல் வன்னிக்குப் புறப்பட்டபோது அக்காவின் அம்மா கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனதாம். அக்காவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. நான் இரண்டடி முன்னால் போய், கம்மலும் கண்ணும் சேர்ந்து விழும்படி எடுத்தேன்.

கிளிநொச்சிக்குப் போய்ப் பிரிண்ட் போடலாம் என்றேன். அக்கா கேட்கவில்லை. பஸ் ஏறுவதற்கு முன்பே ஹட்டன் டவுனில் ஒரு ஸ்ரூடியோவில் மும்மூன்று பிரதி போட்டோம். மூத்த மகள் கடை மேசையிலேயே இருந்து ஒவ்வொன்றின் பின்னாலும் பெயர், உறவு, இடம், திகதி எல்லாம் எழுதினாள். ஒரு கட்டு பெரியம்மாவுக்கு. ஒரு கட்டு தங்களுக்கு. மூன்றாவதை அக்கா பொலித்தீன் பையில் சுற்றி என் கையில் தந்தார்.

"இது உங்கட வீட்டில இருக்கட்டும் மிஸ்."