கவசக் குதிரைவீரரும் கூர்த்ரேப் போரும்

மத்தியகால ஐரோப்பாவிலே போர்க்களத்தின் தலைவனாய் விளங்கியவன் கவசமணிந்த குதிரைவீரன் ஆவான். இரும்பு வளையங்களாற் பின்னிய சட்டை, தலைச்சீரா, நீண்ட ஈட்டி, பயிற்றப்பெற்ற போர்ப்புரவி ஆகியன அவனுக்கு இன்றியமையாதன. இவற்றின் பெருஞ்செலவைத் தாங்கவல்லது நிலவருவாயே. ஆதலின் மன்னரும் பிரபுக்களும் அவனுக்கு நிலம் வழங்கினர். அவன் அதற்கீடாகப் படைச்சேவை புரிந்தான். உழவனின் உழைப்பே வீரனின் கவசமாயிற்று எனலாம்.

அணிவகுத்து ஒருங்கே பாயும் இப்படையின் முன்னே காலாட்கள் பெரும்பாலும் சிதறியோடினர். ஆனால், 1302ஆம் ஆண்டு யூலை 11ஆம் நாள் பிளாண்டர்ஸ் நாட்டுக் கூர்த்ரே நகரருகே நிகழ்ந்தது வேறு. பிரெஞ்சு மன்னன் நான்காம் பிலிப்பின் குதிரைப்படையை அங்கு எதிர்த்து நின்றோருட் பெரும்பாலார் நெசவாளர் முதலிய நகரக் கைவினைஞர். நீரோடைகளும் சதுப்புநிலமும் புரவிகளின் பாய்ச்சலைத் தளர்த்தின. நெருங்கி நின்றோர் நிலத்தில் ஊன்றிய ஈட்டிகள் அவற்றைத் தடுத்தன. படைத்தலைவனான ஆர்ட்டுவாக் கோமான் ரொபேட்டும் மாண்டான். குதிரைவீரரின் விருதாகிய பொற்குதிமுட்கள் திரட்டப்பெற்று, நகரத் தேவாலயத்திலே தொங்கவிடப்பட்டன.

குதிரைவீரரின் காலம் அன்றோடு முடிந்துவிடவில்லை. 1382இல் ரோசெபேக்கிலே பிரெஞ்சுப்படை பிளாண்டர்ஸ் மக்களை வென்று பழிதீர்த்தது. ஆயினும், கவசம் பூண்டோரை எளியோர் வெல்லல் இயலாதென்ற நம்பிக்கை கூர்த்ரேயிலே தகர்ந்தது. தகர்த்தது புதுப்படைக்கலம் அன்று. அணி குலையாது நின்ற உறுதியே.