விட்ட படியிலிருந்து ஏறும் பிள்ளைகள்

எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் சண்டை முற்றினால் "காணிப்பாக்கம் வந்து சத்தியம் பண்றியா?" என்பார்கள். விநாயகர் முன்னால் பொய் சொல்ல யாருக்குத் துணிவு வரும்? பாதி வழக்கு அங்கேயே அடங்கிவிடும். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் ஒருவரோடொருவர் இணங்கிப் போகவும், சறுக்கினால் எழுந்து நிற்கவும் சத்தியம் போதாது. தினசரிப் பழக்கம் வேண்டும்.

அந்தப் பழக்கத்தை வகுப்பறைக்குள்ளேயே அமைத்தது, பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளி அருகிலுள்ள ரிஷிவேலி. ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய அந்நிறுவனத்தின் கிராமப் பள்ளிகளுக்காகப் பத்மநாப ராவும் ராமாவும் 'கற்றல் ஏணி'யை வகுத்தார்கள். பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிந்து படிப்படியாக நிற்கும். மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் பத்து நாள் வராத பிள்ளை, திரும்பியதும் விட்ட படியிலிருந்தே ஏறலாம். 'பின்தங்கிட்டே' என்ற சொல்லுக்கே இடமில்லை. மனவலு பிறப்பது இங்கேதான் என்பது என் கட்சி.

ஒரே அறையில் பல வகுப்புப் பிள்ளைகள். ஒரு குழுவோடு ஆசிரியர் உட்காருவார், இன்னொன்றில் கூட்டாளிகளே சொல்லித் தருவார்கள், வேறொன்றில் தானே படிக்கணும். மூன்றாம் வகுப்புப் பெண் ஒன்றாம் வகுப்புப் பையனுக்கு விளக்கும்போது பொறுமை கற்பவள் அவளே.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் இது 'செயல்வழிக் கற்றல்' ஆயிற்று. 2007-08-இல் தமிழ்நாடெங்கும் பரவியது. முதலில் சென்னை ஆசிரியர்கள் ரிஷிவேலிக்கே போய், அங்கே பிள்ளைகள் படிப்பதைக் கண்ணால் பார்த்து வந்தார்கள். அட்டையை அச்சடிப்பது சுலபம். ஆசிரியருக்கு இப்படிப் பார்க்க வாய்ப்புத் தருவதுதான் செலவு. நம் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளிலும் ஐந்து வயதும் பன்னிரண்டு வயதும் ஒரே அறையில்தானே இருக்கின்றன!