பிள்ளைக் கணக்கு

சென்ற வாரம் ஃபுளோரா நுவாப்பாவின் ‘எஃபுரு’ நாவலில் நிறுத்தியிருந்தோம். 1966இல் வெளிவந்த நைஜீரிய நாவல். எஃபுரு வியாபாரத்தில் கைராசிக்காரி. பெற்ற ஒரே மகளையும் பறிகொடுத்த அவளை ஏரித் தெய்வம் உஹமிரி தன் அடியாளாக ஏற்கிறாள். செல்வமும் அழகும் தரும் உஹமிரிக்கே பிள்ளை கிடையாது. அப்படிப்பட்டவளைப் பெண்கள் ஏன் கும்பிடுகிறார்கள் என்ற கேள்வியில் கதை முடியும்.

அந்தக் கடைசி வரிகளிலிருந்துதான் பூச்சி எமெச்செட்டா 1979இல் தன் நாவலுக்குத் தலைப்பு எடுத்தார்: ‘தாய்மையின் இன்பங்கள்’. நாயகி நு ஈகோ, பிள்ளை இல்லையென்று முதல் கணவனால் வயல் வேலைக்குத் தள்ளப்பட்டவள். லாகோஸில் வாய்த்த இரண்டாவது கணவன் வெள்ளைக்காரர் வீட்டில் துணி துவைப்பவன். முதல் குழந்தை இறந்ததும் பாலத்திலிருந்து குதிக்க ஓடுகிறாள். பிறகு வரிசையாகப் பிள்ளைகள். தெருவோரம் சிகரெட்டும் தீப்பெட்டியும் விற்று வளர்க்கிறாள். மகன்கள் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போய்விட, அவள் சாலையோரத்தில் தனியாகச் சாகிறாள். ஈமச்சடங்கு மட்டும் தடபுடலாக நடக்கிறது. அவள் பெயரில் கோயிலும் எழுப்புகிறார்கள். பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்களுக்கு அவள் வரம் தருவதில்லை!

பிள்ளைகள்மீது அவள் வைத்த பாசம் பொய்யே இல்லை. அந்தப் பாசத்தையே கயிறாக்கி ஊர் அவளைக் கட்டிப்போட்டது என்பதுதான் எமெச்செட்டா சொல்லும் கொடுமை. அவரே லண்டனில் ஐந்து பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். அவருடைய முதல் நாவலின் கைப்பிரதியைக் கணவர் எரித்துவிட்டார். அதே கதையை மறுபடி எழுதி வெளியிட்டார்.

பூன் லே வாசகர்களுக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றக்கூடாது. ஜூரோங் தொழிற்சாலைகளில் பெண்கள் ஷிஃப்ட் வேலை பார்த்த 1970களில், இங்கே சிங்கப்பூரில் பிள்ளைக் கணக்கை அரசு வைத்திருந்தது. 1972இல் ஆணோ பெண்ணோ இரண்டு போதும் என்றது. அதற்குமேல் பெற்றால் பிரசவக் கட்டணம் ஏறியது, சம்பளத்துடன் பேறுகால விடுப்பு போனது. 1984இல் மூன்றோ அதற்கு மேலோ பெற்ற பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னுரிமை. அதிகம் படிக்காத, வருமானம் குறைந்த இளம் தாய், ஒன்றிரண்டோடு கருத்தடை செய்துகொண்டால் மத்திய சேமநிதியில் 10,000 வெள்ளி. பட்டதாரிச் சலுகை எதிர்ப்பில் 1985இல் கைவிடப்பட்டது. 1987இல் வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள் என்று பேச்சே மாறியது. 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.97 பிள்ளை.

நு ஈகோவின் ஊர் நிறையக் கேட்டது. நம் ஊர் குறைக்கச் சொல்லிவிட்டுப் பிறகு கூட்டச் சொன்னது. இரண்டு இடத்திலும் எண்ணிக்கையை முடிவு செய்தவர்கள் பிரசவ வலி கண்டவர்களாக இருக்கவில்லை. படிப்பை வைத்து ஒரு தாயை உயர்த்தி இன்னொருத்தியைத் தாழ்த்திய அந்த 1984ஐ நான் மன்னிக்க மாட்டேன்.

அன்றைய இளம் தாய்மார் இன்று பாட்டிகள். உங்கள் வீட்டில் ஒருவர் இருந்தால், அந்த வருடங்களில் ஆஸ்பத்திரியில் அவரிடம் என்ன சொன்னார்கள், அவர் என்ன நினைத்தார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள்.

(தொடரும்)