கருவமில மூலங்களும் கழியூதா ஒளியும்

உயிரினங்களின் பரம்பரைச் செய்தியைத் தாங்கி நிற்கும் டி.என்.ஏ., அச்செய்தியைப் புரதத் தொகுப்புக்கு எடுத்துச் செல்லும் ஆர்.என்.ஏ. ஆகிய இரு கருவமிலங்களும் கழியூதாக் கதிர்களை வலிமையாக உறிஞ்சுவன. இவ்வுறிஞ்சல் ஏறத்தாழ 260 நனோமீற்றர் அலைநீளத்தில் உச்சமடைகின்றது. அடெனின், குவானின், சைற்றோசின், தைமின், யுராசில் என்னும் வளைய அமைப்புடைய நைதரசன் மூலங்களே இதற்குக் காரணமாவன. இவ்வலைநீள ஒளியின் சக்தி மூலொன்றுக்கு ஏறக்குறைய 460 கிலோயூல் ஆகும். காபன்–காபன் ஒற்றைப் பிணைப்பொன்றை உடைப்பதற்கோ ஏறக்குறைய 350 கிலோயூல் போதுமானது. பிணைப்பை முறிக்கவல்ல சக்தியைப் பெற்றும் இம்மூலங்கள் பெரும்பாலும் சிதையாதிருப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கான விடையை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

அருட்டலும் மீட்சியும்

மூலக்கூறொன்று ஒளியை உறிஞ்சும்போது அதன் இலத்திரனொன்று உயர்ந்த சக்திமட்டத்தை அடைகின்றது. இதனை அருட்டிய நிலை என்பர். பெற்ற சக்தியை இழத்தற்கு மூலக்கூறுக்கு வழிகள் சில உள. ஒளியாக உமிழ்தல் ஒன்று; இரசாயனத் தாக்கத்தில் ஈடுபடல் மற்றொன்று; வெப்பமாக மாற்றிவிடுதல் பிறிதொன்று. நீர்க்கரைசலில் இம்மூலங்கள் உறிஞ்சும் 10,000 போட்டன்களுள் ஏறத்தாழ ஒன்றே ஒளியாக மீள்கின்றது. ஆகவே, அருட்டிய நிலையின் ஆயுள் மிகக் குறுகியதாதல் வேண்டும் என்பது முன்னரே ஊகிக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டில், ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேர்ண் கோலர் குழுவினர் மிகக் குறுகிய இலேசர்த் துடிப்புகளைக் கொண்டு இதனை நேரடியாக அளந்தனர். அடெனோசினில் அவ்வாயுள் ஏறத்தாழ 0.3 பிக்கோசெக்கனாகும். பிக்கோசெக்கன் என்பது ஒரு செக்கனின் இலட்சங்கோடியில் ஒரு பங்கு.

இவ்விரைவின் இரகசியம் மூலக்கூறின் வடிவத்தில் உளது. தரைநிலையில் மூலத்தின் வளையம் ஏறக்குறையத் தட்டையானது. அருட்டியதும் அது நெளியத் தொடங்குகின்றது. அடெனினில் வளையத்தின் காபன் அணுவொன்று தளத்தை விட்டு விலகும். தைமின் போன்ற பிரிமிடீன்களில் காபன்–காபன் இரட்டைப் பிணைப்பு முறுக்கமடையும். நெளிவு ஒரு குறித்த எல்லையை அடையும்போது அருட்டிய நிலையின் சக்தியும் தரைநிலையின் சக்தியும் சமமாகின்றன. இரு சக்திப் பரப்புகளும் கூம்புகளின் முனைகள் தொடுவதுபோற் சந்திக்கும் இவ்விடம் கூம்பு வெட்டுகை எனப்படும். அதனூடாக மூலக்கூறு ஒளியை உமிழாமலே தரைநிலைக்கு இறங்குகின்றது. சக்தி அதிர்வாக மாறி, சில பிக்கோசெக்கன்களுள் சூழவுள்ள நீருக்கு வெப்பமாகச் சென்றுவிடுகின்றது.

அடெனினில் 6 ஆம் இடத்திலுள்ள அமினோக் கூட்டத்தை 2 ஆம் இடத்துக்கு மாற்றினால் 2-அமினோபியூரின் பெறப்படும். அணுக்களின் வகையோ தொகையோ மாறுவதில்லை. ஆயினும் நீர்க்கரைசலில் அது பல்லாயிரம் மடங்கு நீண்ட காலம் அருட்டிய நிலையில் நின்று, வலிமையாக ஒளிர்கின்றது. அமைப்பின் சிறு வேறுபாடும் சக்தியின் வழியை மாற்றும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

காப்பின் எல்லை

இக்காப்பு முழுமையானதன்று. டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து அமைந்த இரு தைமின்கள் தக்க நிலையில் இருக்கும்போது ஒளி படின், அவை தம்முட் பிணைந்து இருபகுதியமாகலாம். இத்தாக்கம் ஏறத்தாழ ஒரு பிக்கோசெக்கனுள் நிகழ்வதை 2007 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. வெப்பமாக இழக்கும் வழியும் ஏறக்குறைய அதே வேகத்தினது. எனவே அது சேதத்தைக் குறைக்குமேயன்றி முற்றாகத் தடுக்காது. எஞ்சிய சேதத்தைக் கலத்தின் திருத்தும் நொதியங்கள் அகற்றுகின்றன. சீரோடேர்மா பிக்மென்ரோசம் என்னும் பரம்பரை நோயுடையோரில் இத்திருத்தம் குறைபாடுடையது என்பதை 1968 இல் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார். அவர்கள் வெயிலில் நடமாடினால் இளமையிலேயே தோற்புற்றுநோய்க்கு ஆளாக நேரிடுகின்றது.

ஆகவே, பரம்பரைச் செய்தியின் பாதுகாப்பு இரு நிலைகளில் அமைந்துள்ளது எனலாம். முதலாவது மூலங்களின் அமைப்பிலேயே உறைவது. இரண்டாவது உயிர்க்கலம் ஓயாது ஆற்றும் திருத்தப்பணி. வளிமண்டலத்தில் ஓசோன் படை தோன்றுமுன்னரே முதலுயிர்கள் கடுங்கதிர்களைத் தாங்கின. ஒளிக்குச் சிதையாத் தன்மையே இம்மூலங்கள் அன்று நிலைபெற உதவியிருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அக்கருத்து இன்னும் நிறுவப்படவில்லை. எனினும் மேலும் ஆராயத்தக்கதென்பதில் ஐயமில்லை.