ஆனைவிழுந்தான்: மேலே குளம், கீழே கண்டல்

சதுப்பு என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது சேறும் நுளம்பும்தான். ‘சும்மா கிடக்கிற காணி’ என்பார்கள். ஆனால் நமது வயலுக்கு நீர் தரும் குளமும் ஓர் ஈரநிலமே. 1971இல் ஈரானின் ராம்சார் நகரில் உருவான உடன்படிக்கை, இயற்கையானவற்றோடு மனிதர் கட்டியவற்றையும் ஈரநிலம் என்றே கொள்கிறது.

சிலாபத்துக்கு வடக்கே, புத்தளம் வீதிக்கும் கடலுக்கும் இடையே உள்ள ஆனைவிழுந்தானைப் பாருங்கள். 1997இல் சரணாலயமாகவும் 2001இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு 1,397 ஹெக்டேயர். 12ஆம் நூற்றாண்டுக்குரியவை எனப்படும் குளங்கள் இங்கே தொடராக அமைந்துள்ளன. மேற்குளம் வான் பாய்ந்தால் அந்த நீர் அடுத்த குளத்தில் சேரும். வயலில் வடிந்த நீரும் வீணாகாமல் கீழ்க்குளத்தை அடையும். ஒவ்வொரு குளத்திலும் வண்டல் படிய, நீர் தெளிந்துகொண்டே இறங்கும். மாரியில் வெள்ளத்தின் வேகம் தணியும். கோடையில் நிலத்துள் ஊறிய நீர் அயற் கிணறுகளைக் காக்கும். கூழைக்கடாவும் நீர்க்காகமும் அங்கே கூடுவது சும்மாவா? குளத்தில் மீன் உண்டு.

தொடரின் கீழ்முனையில் ஒல்லாந்தர் கால்வாயும் கண்டற் காடும். நன்னீரும் உவர்நீரும் கலக்கும் இவ்விடத்தில்தான், கண்டல் வேர்களுக்கிடையே, இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றன. எனினும் 1980களில் பெருகிய இறால் பண்ணைகளுக்காகப் புத்தளம் மாவட்டத்தில் கண்டல்கள் வெட்டப்பட்டன. ஒரு பண்ணையின் கழிவு போன அதே நீரை அடுத்த பண்ணை உள்ளே எடுத்தது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது பல பண்ணைகள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. இறாலுக்காகக் கண்டலை வெட்டியவர்களுக்கு முடிவில் இறாலும் இல்லை! கைவிட்ட தொட்டிகளில் நெல்லும் விளையாது. வரம்புகள் நீரோட்டத்தைத் தடுப்பதால் கண்டலும் இலகுவில் முளைக்காது.

இவ்வளவுக்குப் பிறகும், 2020 பெப்ரவரியில் சரணாலயத்துக்குள்ளேயே இறால் பண்ணைக்கென இயந்திரம் கொண்டு கண்டல் அழிக்கப்பட்டது.

அழிந்ததை நட்டுவிடலாமே என்கிறோம். ஆனால் சுனாமிக்குப் பின் இலங்கையில் கண்டல் நடப்பட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வொன்று, 9 இடங்களில் ஒரு கன்றும் தப்பவில்லை என்றது. பொருந்தாத இடத்தில் நடுவது, நட்டபின் பராமரிக்காமல் விடுவது என்பனவே முக்கிய காரணங்கள். ஆனைவிழுந்தானில் அண்மை ஆண்டுகளில் கைவிட்ட இறால் தொட்டிகளிலேயே கண்டலை மீட்கும் வேலை நடந்து வருகிறது. அங்கே முதலில் கவனிக்கப்படுவது கன்று அல்ல, நீர் உள்ளே வந்து போகும் வழி.