கரையோரம் நடப்போம்: வைற் தீவுக்குப் போகும் குடும்பங்களுக்கு

பாடசாலை விடுமுறை தொடங்கியதும் எமது குடும்பங்கள் பலவும் ஒரு வானைப் பிடித்துக்கொண்டு தெற்கே கடற்கரைக்குப் போவது வழக்கமாகிவிட்டது. புளிச்சாதம், கட்லற், கோழிக்கறி, பெரிய பிளாஸ்கில் தேநீர், அம்மம்மாவுக்கு மடிக்கிற கதிரை எல்லாம் வானில் ஏறும். கரையில் பாயை விரித்தால் பின்னேரம் வரை சாப்பாடும் கதையும்தான். நடை என்று பார்த்தால் கார் தரிப்பிடத்திலிருந்து பாய் வரைக்கும், பாயிலிருந்து மலசலகூடம் வரைக்கும். வாரம் ஆறு நாள் வேலை செய்கிறவர்களுக்கு அந்த ஓய்வும் வேண்டும்தான். ஆனால் அதே கரையில் இரண்டு மைல் நடந்துவிட்டு வந்து சாப்பிட்டால் சாப்பாடும் ருசிக்கும், சீனியும் இறங்கும்.

தெற்காசியர்களான எங்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். அதுவும் பத்து வருடம் முந்தியே வந்துவிடுகிறது. ஆகவேதான் உடல் நிறைச் சுட்டெண் 25ஐத் தாண்டினால் கவனம் என்று மற்றவர்களுக்குச் சொல்லும் இடத்தில், எமக்கு 23 என்று சொல்கிறார்கள். வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80ஐயும் தாண்டக்கூடாது. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி தேவை. மிதமானது என்றால் என்ன என்று பலர் கேட்பார்கள். நடக்கும்போது கதைக்க முடியவேண்டும், பாட்டுப் பாட முடியக்கூடாது. அவ்வளவுதான் அளவுகோல். நடக்கும்போது தொடைத் தசைகள் குருதியிலுள்ள சீனியை இன்சுலினின் உதவி அதிகமின்றியே இழுத்துக்கொள்கின்றன. சோறு சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிடம் நடந்தாலே அளவில் வித்தியாசம் தெரியும். மீற்றர் வைத்திருப்பவர்கள் ஒருநாள் சோதித்துப் பாருங்கள்.

நடப்பதற்கு எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் இடம் வைற் தீவு. போட்ஸ்மவுத்துக்கு எதிரே, இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டிக் கிடக்கும் இத்தீவின் பரப்பு சுமார் 380 சதுர கிலோமீற்றர், எங்கள் நெடுந்தீவைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு. அதைச் சுற்றிக் கரையோரப் பாதை சுமார் 70 மைல் போகிறது. முழுவதையும் நடக்கச் சொல்லவில்லை. போட்ஸ்மவுத்திலிருந்து ஃபிஷ்போணுக்குக் காரோடு போகும் கப்பல் முக்கால் மணித்தியாலம். காரைக் கரையில் விட்டுவிட்டுப் போனால் றைட் இறங்குதுறைக்கு விரைவுப் படகில் இருபத்தைந்து நிமிடமும் ஆகாது. சவுத்சீயிலிருந்து போகும் ஹொவர்கிராவ்ற் பத்தே நிமிடம். பிள்ளைகளுக்கு அது ஒரு திருவிழா.

முதன்முதலாக நடப்பவர்கள், முழங்கால் நோ உள்ளவர்கள், சக்கர நாற்காலியில் ஒருவரைக் கூட்டிச் செல்பவர்கள் றைட்டிலிருந்து தொடங்கலாம். 1814இல் திறக்கப்பட்ட மர இறங்குதுறையில் கடலுக்கு மேலாக நடந்து கரைக்கு வருவதே அரை மைலுக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து கிழக்கே அப்ளி பூங்கா, பக்பூல் பூங்கா வழியாகச் சீவியூ வரை கடலை ஒட்டிச் சமதரையான பாதை, இரண்டு மைலுக்குச் சற்று அதிகம். இருக்கைகள் உண்டு, மலசலகூடங்கள் உண்டு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எமது அம்மாமார் பலர் "வெளியில போனா எங்க போறது" என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். குருதி அமுக்கத்துக்கு நீர் போகும் குளிசை எடுப்பவர்கள் வெயிலில் இப்படிச் செய்தால் தலைசுற்றி விழ நேரிடும், சிறுநீரகத்துக்கும் கெடுதி. குடியுங்கள், இடம் இருக்கிறது.

றைட்டிலிருந்து தெற்கே ஷாங்க்ளின் வரை ஒரு சிறு ரயில் ஓடுகிறது. 2021 இறுதியிலிருந்து ஓடும் பெட்டிகள் லண்டன் டிஸ்றிக்ற் லைனில் ஓடிக் கழிந்தவற்றைத் திருத்தி அமைத்தவை. ஈஸ்ற்ஹாமிலும் அப்ற்றன் பார்க்கிலும் இவற்றில் நின்றுகொண்டே வேலைக்குப் போனவர்கள் இங்கே உட்கார்ந்து போகலாம். சாண்டவுனில் இறங்கிச் செம்மண் பாறைகளின் அடியால் ஷாங்க்ளினுக்கு நடப்பது சுமார் இரண்டு மைல், இதுவும் சமதரை. களைத்தால் அடுத்த நிலையத்தில் ரயிலேறலாம். வயதானவர்களோடு போகும்போது திரும்பி வர ஒரு வழி இருக்கும் பாதையைத் தெரிவதே புத்தி.

தெற்குக் கோடியில் உள்ள வென்ற்னர் ஒரு வைத்தியருக்குப் புனிதத் தலம் போன்றது. ஆதர் ஹில் ஹஸல் என்ற வைத்தியர் 1850களில் லான்செற் சஞ்சிகைக்காக லண்டன் கடைகளின் உணவுப் பண்டங்களை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, கோப்பியிலும் மிளகிலும் நடந்த கலப்படத்தை வெளிக்கொண்டு வந்தவர். கலப்படத்துக்கு எதிரான 1860ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அந்த ஆய்வுகள் வழிவகுத்தன. அவருக்கே சயரோகம் பிடித்தது. 1866இல் வென்ற்னருக்கு வந்து, உயர்ந்த குன்று வடகாற்றைத் தடுத்துத் தெற்கு வெயில் விழும் அந்த இடத்தில் சயரோகிகளுக்கான வைத்தியசாலையை உருவாக்கினார். ஒவ்வொரு நோயாளிக்கும் கடலைப் பார்த்த தனி அறை. மருந்து இல்லாத காலத்தில் காற்று, வெயில், நல்ல சாப்பாடு, மெல்லிய நடை, இவைதாம் வைத்தியம். 1943இல் ஸ்ரெப்ரோமைசின் கண்டுபிடிக்கப்பட்ட பின் இத்தகைய இடங்களின் தேவை குறைந்தது. 1964இல் மூடப்பட்டு, பின்னர் இடிக்கப்பட்டு, இப்போது அவ்விடத்தில் தாவரவியற் பூங்கா இருக்கிறது.

வெயில் என்றதும் விற்றமின் டியைச் சொல்லாமல் விட முடியாது. இந்த நாட்டில் ஒக்ரோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை வெயிலில் நின்றும் பயனில்லை, தோலில் விற்றமின் உருவாக அந்த வெளிச்சம் போதாது. கருமையான தோல் உள்ள எமக்குக் கோடையிலும் போதியளவு கிடைப்பது கடினம். ஆகவே நாளுக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 400 அலகு, வருடம் முழுவதும் எடுப்பது பற்றி யோசியுங்கள் என்பதே எமக்கான அறிவுரை. உடம்பெல்லாம் நோகிறது என்று வரும் அம்மாமாரில் கணிசமானோருக்கு இந்தக் குறை இருக்கிறது. ஒரு விடுமுறை நாள் வெயில் அதற்குப் பரிகாரமாகாது, குளிசைதான் வேண்டும்.

மேற்குப் பக்கம் நடக்கப் பழகியவர்களுக்கு. யாமவுத் துறைமுகத்தில் எட்டாம் ஹென்றி கட்டிய சிறு கோட்டை நிற்கிறது. அங்கிருந்து ஆற்றுக் கழிமுகத்தின் ஓரமாக, பழைய ரயில் பாதையில் ஃபிறெஷ்வோட்டர் நோக்கி நடந்தால் சேற்றில் மேயும் கொக்கு நாரைகளைக் காணலாம். ஃபிறெஷ்வோட்டர் குடாவில் டிம்போலா என்ற வீடு இருக்கிறது. ஜூலியா மார்கரெற் கமரன் என்ற புகழ்பெற்ற படப்பிடிப்பாளர் வாழ்ந்த வீடு. எங்கள் மலையகத்தில் அவர்களுக்கு இருந்த தோட்டத்தின் பெயரையே வீட்டுக்கு வைத்தார்கள். 1875இல் கணவரோடு இலங்கைக்கே போய், அங்குள்ள தொழிலாளரையும் ஊர்மக்களையும் படம்பிடித்து, 1879இல் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். குடாவிலிருந்து ரெனிசன் குன்றில் ஏறி நீடில்ஸ் பாறைகள் வரை சுமார் மூன்று மைல். உச்சி 147 மீற்றர். மூச்சு வாங்கும், காட்சி அதற்கு ஈடு. இறங்கும்போதுதான் முழங்காலுக்குப் பாரம் கூட, ஒரு ஊன்றுகோல் நல்லது. சுண்ணக்கல் விளிம்புகள் அடியில் அரிக்கப்பட்டிருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. படம் எடுப்பதற்காக விளிம்புக்குப் போகவேண்டாம். தென்கரை நிலமும் சரியக்கூடியது, 2023 டிசம்பரில் பொன்சேர்ச் அருகே பெரும் சரிவு ஏற்பட்டது. பாதை மூடியிருக்கிறது என்று பலகை சொன்னால் திரும்பிவிடுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை சில. மெற்போமின் மட்டும் எடுப்பவர்களுக்குப் பொதுவாக நடையால் சீனி ஆபத்தாகக் குறைவதில்லை. இன்சுலினோ கிளிக்கிளசைட்டோ எடுப்பவர்களுக்குக் குறையலாம், சில வேளை அன்றிரவு நித்திரையிலும். வியர்த்து, கை நடுங்கி, எரிச்சலோடு கதைக்கத் தொடங்கினால் உடனே நிறுத்திச் சிறு பழச்சாறுப் பெட்டி ஒன்றைக் குடிக்கவேண்டும். பதினைந்து நிமிடத்தில் மறுபடி சோதிக்கவேண்டும். பாண் துண்டோ பிஸ்கற்றோ அதன் பிறகுதான். இன்சுலின் போடுபவர் வண்டி ஓட்டுவதானால் புறப்படுமுன் சோதித்து, அளவு 5க்கு மேல் இருக்கவேண்டும். நாள் முழுக்க நடந்துவிட்டு இரவில் லண்டனுக்கு ஓட்டுகிறவர் இதை மறக்கக்கூடாது.

கால்களைப் பற்றி ஒரு சொல். நீரிழிவால் பாதம் மரத்திருந்தால் சப்பாத்துக்குள் கிடக்கும் சிறு கல்லும் தெரியாது. புதுச் சப்பாத்தை அன்றே போடாதீர்கள், செருப்போடு கூழாங்கல்லில் நடக்காதீர்கள், வெறுங்காலோடு மணலில் வேண்டவே வேண்டாம். இரவு பாதத்தைக் கழுவி, துடைத்து, விரல் இடுக்கு வரை பாருங்கள். குனிய முடியாவிட்டால் பிள்ளைகள் பார்க்கட்டும். புண் கண்டால் அடுத்த நாளே காட்டவேண்டும். நெஞ்சுநோ உள்ளவர்கள் நாவின் கீழ் அடிக்கும் ஸ்பிறேயைக் கைப்பையிலே வைத்திருங்கள், அது வானில் இருந்து பயனில்லை. பற்றைக்குள் நடந்து வந்தால் உண்ணி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். கடித்த இடத்தைச் சுற்றிப் பரவும் சிவப்பு எமது தோலில் இலகுவில் தெரியாது, சில வாரங்களுக்குக் கவனம் வேண்டும்.

இனி, இக்கட்டுரையை நான் எழுதத் தூண்டிய விடயம். 2016 ஆகஸ்ட் 24இல் ஈஸ்ற் சசெக்ஸ் கேம்பர் மணற்கரையில் லண்டனைச் சேர்ந்த ஐந்து தமிழ் இளைஞர்கள் ஒரே நாளில் கடலில் மூழ்கி இறந்தார்கள். அன்று அக்கரையில் உயிர்காப்பாளர்கள் இருக்கவில்லை. ஒவ்வொரு கோடையிலும் அந்தப் பிள்ளைகளின் நினைவு வருகிறது.

எமது ஆட்கள் "நாங்கள் கடலோடு பிறந்தவர்கள்" என்பார்கள். உண்மைதான், நானும் தீவகத்தவன். ஆனால் எங்கள் கடல் வேறு. யாழ்ப்பாணக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மீற்றரை எட்டாது. போட்ஸ்மவுத், றைட் பக்கம் அமாவாசை பௌர்ணமி நாட்களை ஒட்டி அது ஏறத்தாழ நான்கு மீற்றர். றைட்டில் வற்று நேரம் மணல் வெகுதூரம் வெளியே தெரியும். தட்டையாக இருக்கிறதே என்று பிள்ளைகளோடு நடந்து போவோம். நீர் ஏறும்போது முன்னால் மட்டுமிருந்து வருவதில்லை. மணல்மேட்டுக்கும் கரைக்கும் இடையிலுள்ள பள்ளம் முதலில் நிரம்பும். கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு முதுகுக்குப் பின்னால் ஆழமாகிவிட்டது தெரியாது. நீர் ஒரே வேகத்தில் ஏறுவதுமில்லை. ஆகவே போகுமுன் அன்றைய வற்று, பெருக்கு நேரத்தைப் பாருங்கள். வற்று முடிந்து நீர் திரும்புமுன் நீங்களும் திரும்பிவிடவேண்டும்.

குளிர் இன்னொன்று. வெளியே 28 பாகை வெயில் அடித்தாலும் மே, யூனில் கடல் நீர் 15 பாகையைச் சுற்றியோ அதற்குக் கீழோ இருக்கும். திடீரென்று இறங்கினால் உடல் தன்னை மீறி மூச்சை இழுக்கும், அந்த மூச்சில் தண்ணீரும் போகும். நன்றாக நீந்துகிறவனும் முதல் ஒரு நிமிடத்தில் இப்படித்தான் அகப்படுகிறான். அப்போது நீந்த முயலாமல் முகத்தை மேலே வைத்து மல்லாக்க மிதந்து, மூச்சு அடங்கிய பின் கையைத் தூக்கி உதவி கேட்கவேண்டும். இதை உள்ளூர் நீச்சல் தடாகத்தில் பிள்ளைகளோடு முன்கூட்டியே பழகலாம். சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு இடையில் மட்டும் குளியுங்கள், சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவேண்டாம். காற்றடைத்த மிதவைகளைக் கடலுக்குக் கொண்டு போகாதீர்கள். ஒருவர் தத்தளித்தால் பின்னால் பாய்வதற்கு முன் 999ஐ அழைத்துக் "கோஸ்ற்கார்ட்" என்று கேளுங்கள், மிதக்கக்கூடிய எதையாவது எறியுங்கள். வற்று மணலில் காலில் சுருக்கென்று குத்தினால் வீவர் மீனாக இருக்கலாம். ஊரில் கெளிற்று முள்ளுக்குச் செய்தது போலவே, தாங்கக்கூடிய சூட்டு நீரில் அரை மணித்தியாலமாவது காலை வைத்திருக்கவேண்டும்.

கடல் பக்கமே வரமாட்டேன் என்பவர்களும் எம்மிடையே உண்டு. கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்தவர்கள், 2004 சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள். இயந்திரப் படகின் சத்தம் கேட்டாலே உள்ளங்கை வியர்க்கும் என்று கிளினிக்கில் சொல்வார்கள். "அதெல்லாம் பழைய கதை, வாங்கோ அம்மா" என்று இழுத்துக்கொண்டு போகவேண்டாம். யாமவுத் ஆற்றோரம் போன்ற இடத்தில் தூரத்திலிருந்து பார்க்கட்டும். நித்திரையில் திடுக்கிட்டு எழும்புவது தொடர்ந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. இங்கிலாந்தில் என்எச்எஸ் பேச்சுச் சிகிச்சைக்கு வைத்தியரிடம் போகாமல் தாமாகவே பதியலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

புறப்படுமுன் பெரியவர்களின் குளிசைப் பட்டியலைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். தீவில் அவசர சிகிச்சைப் பிரிவு நியூபோர்ட் நகரில் செயின்ற் மேரிஸ் வைத்தியசாலையில் இருக்கிறது. அவசரமில்லாததற்கு 111. ஒருநாள் பயணம் என்றாலும் கடைசிப் படகு தவறக்கூடும், இரவுக் குளிசையையும் இன்சுலினையும் கையோடு கொண்டு போங்கள்.